கோரஸில் வந்த பெயர்

1

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, வட இங்கிலாந்தில் நான் வசிக்கும் சிறு நகரத்தில், சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் மாடியறையில், நூறு பேருக்குக் குறையாத வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று விழுப்புரம் பக்கத்து நிலக்காரர் ஒருவரின் பெயரைச் சேர்ந்து பாடினார்கள். ஒரே பாட்டில் நான்கு முறை. உச்சரிப்பு கொஞ்சம் கோணல்தான். ஆனால் அந்த ஆளைத் தெரிந்த எவரும் அதைக் கேட்டால் அவர்தான் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும்.

அது வால்டர் ஹாரப் என்ற பாடகரின் நினைவுக்கூட்டம். அவர் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. நம் ஊரில் படத்துக்கு மாலை போடுவார்கள். இங்கே அவர் வழக்கமாக உட்கார்ந்த நாற்காலியைக் காலியாக விட்டு, அதன் முன்னால் ஒரு குவளை பீர் வைத்திருந்தார்கள். என் மகள் மலருக்குப் பதினோரு வயது. அவளும் எழுந்து நின்று கூட்டத்தோடு பாடினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அவள் குனிந்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்பா, இது உங்க ஊர்ப் பாட்டுதானே? நீங்க ஏன் பாடல?"

தொண்டை சரியில்லை என்றேன். வால்டர் தொண்டையில் புற்றுநோய் வந்து இறந்தவர். அந்த அறையில் சொல்லியிருக்கக் கூடாத பதில்.

2

வால்டரைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கேயும் பெரிய பத்திரிகைகள் அவரைப் பொருட்படுத்தியதில்லை.

அவர் இந்த நகரத்திலேயே பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில், அம்மா துணி ஆலையில். பதினைந்து வயதில் இவரும் சுரங்கத்துக்குள் இறங்கினார். சில ஆண்டுகளில் இவருடைய சித்தப்பா, சுரங்கக் கூரை சரிந்து உள்ளேயே இறந்தார். விசாரணையில் 'விபத்து' என்று எழுதி முடித்தார்கள். கூரையைத் தாங்கும் மரங்கள் போதவில்லை என்று தொழிலாளர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். அது எழுதப்படவில்லை. வால்டர் ஒரு பழைய நாட்டுப்புற மெட்டை எடுத்து, சித்தப்பாவின் பெயரையும், அந்தப் புகாரை மேசைக்குள் போட்டுவைத்த மேலாளரின் பெயரையும் அதில் வைத்து மதுக்கடை மாடியில் பாடினார். மேலாளர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். வால்டர் அந்த நோட்டீஸை இன்னொரு சரணமாக்கிவிட்டார். வேலை போயிற்று. அதன் பிறகு பாட்டுதான் வேலை.

அணுகுண்டு எதிர்ப்பு ஊர்வலங்கள், வாடகை உயர்வுக்கு எதிரான கூட்டங்கள், கதவடைத்த ஆலைகளின் வாசல்கள் என்று போய்க்கொண்டே இருந்தார். ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனம் ஒருமுறை கூப்பிட்டது. எல்லாம் பேசி முடித்து, இரண்டு பாட்டுகளில் இருக்கும் ஆட்களின் பெயர்களை மட்டும் எடுத்துவிடலாமே என்றார்கள். எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு சாகும்வரை கேசட்டுகளைத் தன் காரின் பின்பெட்டியில் வைத்து, பாடிய இடத்திலேயே விற்றார். கிடார் கிடையாது. ஒரு கையைக் காதின்மேல் குவித்து, கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்.

"பெயரில்லாத பாட்டு முதலாளிக்குத் தாலாட்டு" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அவருடைய ஊரில், அவருடைய தொழிலில், அது சரியான வாக்கியம். அங்கே பெயரைச் சொன்னால் நோட்டீஸ் பாடகருக்கு வரும்.

3

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திண்டிவனத்தில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். மாலை ஐந்து மணிக்குக் காவல் நிலையங்களுக்குப் போய், அன்றைய சாவுகளையும் திருட்டுகளையும் குறித்துக்கொண்டு வந்து அனுப்புவது என் வேலையில் பாதி. ஒரு கார்த்திகையில் நான் அனுப்பிய செய்திகளில் ஒன்று இரண்டே வரி: மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில், வேலைக்குப் போன கன்னியப்பன் என்ற கூலித் தொழிலாளி பாம்பு கடித்து இறந்தார். ஏட்டு சொன்னார், எழுதினேன். அந்த ஊருக்கு நான் போகவில்லை.

அடுத்து வந்த தை மாதம் விழுப்புரத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கம் மாநாடு போட்டது. வெளிநாட்டு விருந்தாளியாக வால்டர் வந்தார். நான் ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால், சங்கச் செயலாளர் கோதண்டம் என்னை மொழிபெயர்ப்புக்குப் பிடித்துக்கொண்டார்.

"தோழர் பேப்பரு, தொர இன்னா சொல்றாருன்னு அப்படியே சொல்லணும். உங்க பேப்பர்ல பண்ற மாரி பாதிய முழுங்கக் கூடாது."

மேடையில் வால்டர் கையைக் காதில் வைத்துக் கண்ணை மூடியதும், முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. "இன்னாபா, தொரைக்குக் காது வலியா?" கூட்டம் சிரித்தது. நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். வால்டர் கண்ணைத் திறந்து, "ஆமாம், முப்பது வருஷமா" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அதன் பிறகு கூட்டம் அவர் பக்கம் வந்துவிட்டது.

மறுநாள் கோதண்டம் எங்களைப் பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்கு அழைத்துப் போனார். விழுப்புரம் பஸ்ஸில் போய் இறங்கவேண்டிய ஊர், ஆனால் மனு எழுதினால் திண்டிவனத்துக்குப் போகவேண்டும். அங்கே ஒரு கூரை வீட்டு வாசலில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் மனைவி அஞ்சலை. என் இரண்டு வரிச் செய்தியின் மிச்சம்.

நடந்ததை அவள் சொன்னாள். மல்லாட்டை முற்றிவந்த நேரம், பன்றி வந்து தோண்டுகிறது என்று நிலக்காரர் வேலியோரம் கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுத்திருந்தார். விடிந்ததும் கரண்டை எடுக்கவில்லை. காலையில் வேலைக்குப் போன கன்னியப்பன் அதில் விழுந்தார். அவருடைய தம்பி ஏழுமலை காய்ந்த குச்சியால் கம்பியைத் தள்ளிவிட்டு அண்ணனை இழுத்தான். மதியத்துக்குள் கம்பி இல்லை, மாலைக்குள் பிணம் மண்ணுக்குள். காவல் நிலையத்துக் காகிதத்தில் பாம்பு.

"பாம்புன்னு எழுதிக்கிறாங்க சார். அத மாத்தி எழுதச் சொல்லுங்க" என்றாள்.

"மாத்தினா நஷ்ட ஈடு கிடைக்கும்னா?" என்று கேட்டேன்.

"அது யாருக்கு வேணும்? எங்க சனத்துல பாம்பு கடிச்சு புருசன் செத்தா, பொம்பள மேலதான் பழி. சுத்தபத்தமா இல்ல, புத்துக்குப் பால் ஊத்தல, அதான் நாகாத்தா எடுத்துக்கினான்னு எங்க மாமியாரே தெருத் தெருவா சொல்லிக்கினு திரியுது. நாளைக்கு எம்பொண்ண எவன் கட்டுவான்? கரண்ட்டுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க, போதும்."

வால்டர் அவளைப் பாடச் சொன்னார். நம் ஊரில் துக்கம் கேட்கப் போனவர் அப்படிச் சொன்னால் அடிவிழும். ஆனால் அவள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பாடினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

வேலியோரம் போனீங்களே என் ராசா
வெள்ளி நூலு மின்னக் கண்டீங்களே
நூலக் கட்டுன கை எதுன்னு என் ராசா
ஊருசனம் கண்டும் ஒருவாய் தொறக்கலையே

வால்டர் டேப் ரெக்கார்டரை நிறுத்தினார். "யாருடைய கை?" என்று என்னிடம் கேட்டார்.

"யார் கைன்னு கேக்கிறார்" என்றேன்.

"கைதான் சார்."

"இல்ல, பேரு?"

பெண்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தேவிட்டாள். அஞ்சலை எனக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒப்பாரில எங்கனா பேரு வெப்பாங்களா சார்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. பேரு வெச்சா அது ஒப்பாரி இல்ல, பிராது."

இதை நான் மொழிபெயர்த்தேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். "அது வழக்கமில்லை" என்று மட்டும் சொன்னதாக நினைவு. ஏரிக்கரையில் திரும்பி நடந்து வரும்போது வால்டர் மறுபடி கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். அவர் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, பெரிய ஆங்கில எழுத்துகளில், ஒவ்வொன்றாக எழுதியும் கொடுத்தேன். பெயரில் பிழை வரக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

4

இனி வருவதைப் புரிந்துகொள்ள ஒரு ஏற்பாட்டைச் சொல்லவேண்டும்.

கோதண்டம் அஞ்சலையின் பெயரில் மனு எழுதிப் போட்டார். மறு விசாரணைக்கு நாள் குறிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் போய்ப் பேசினார்கள். நிலக்காரர் இறங்கி வந்தார். அவர் சொல்லியனுப்பியது இதுதான்: "கரண்ட்டுன்னே எழுதிக்கட்டும். கம்பி கெடந்துச்சின்னு சொல்லிக்கட்டும். எவன் கம்பின்னு வரக் கூடாது. எம்பேரு எங்கியும் வரக் கூடாது."

கோதண்டத்துக்கு இது கசந்தது. "கொலைகாரனுக்குப் பேரு இல்லியாம் தோழர், கம்பிக்குத்தான் பேராம்" என்றார். ஆனால் அஞ்சலை உடனே ஒத்துக்கொண்டாள். அவளுடைய ஒப்பாரியும் அதைத்தானே செய்திருந்தது. கம்பியைப் பார்த்த ஒரே சாட்சி ஏழுமலை, நிலக்காரரிடம் குத்தகைக்கு உழுபவன். அவனும் தைரியம் வந்து, கம்பி கிடந்ததைச் சொல்கிறேன் என்றான். விசாரணை மே மாதம் இரண்டாவது வாரம், திண்டிவனத்தில்.

ஏப்ரல் கடைசியில் வால்டரிடமிருந்து கோதண்டத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. இரண்டு கேசட். முதல் பாட்டே அஞ்சலையின் பாட்டு. வார்த்தைகள் ஆங்கிலம், மெட்டு அப்படியே அவளுடையது. கோரஸில் மட்டும் வால்டர் ஒன்றைச் சேர்த்திருந்தார். நூலைக் கட்டிய கை யாருடையது என்று சரணம் கேட்கும். கோரஸ் பதில் சொல்லும், பெயரும் இனிஷியலுமாக.

சங்க அலுவலகத்தில் அதை முதலில் கேட்டவன் நான்தான். கேட்டபோது நான் கவனித்தது ஒன்றே ஒன்று: பெயரைச் சரியாக உச்சரித்திருக்கிறாரா. உச்சரித்திருந்தார். பெருமையாக இருந்தது. ஏற்பாட்டைப் பற்றி எனக்குத் தெரியும், கோதண்டத்துக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் இருவருக்கும் அது ஆங்கிலப் பாட்டு, வெளிநாட்டுப் பாட்டு, நமக்குக் கிடைத்த மரியாதை. விழுப்புரத்தில் யாருக்கு அது புரியப்போகிறது என்று நினைத்தோம் என்றுகூடச் சொல்லமாட்டேன். நினைக்கவே இல்லை.

மே தினக் கூட்டத்தில் கோதண்டம் அதைக் குழாய் ஒலிபெருக்கியில் போட்டார். "நம்ம விழுப்புரம் சீமை வரிக்கும் போயிருக்குது தோழர்களே!" என்று அறிவித்துவிட்டுப் போட்டார்.

முதல் சரணத்தில் கூட்டம் சும்மா இருந்தது. கோரஸ் வந்தது.

"டேய், யாரு பேருடா அது?"

"நம்ம ஆளு பேருடா! இங்கிலீஷ்காரன் சொல்றான்டா!"

"தோ, இன்னொரு வாட்டி வருது பாரு."

மூன்றாவது முறை பாதிக்கூட்டம் கைதட்டிப் பெயரை மட்டும் சேர்ந்து பாடியது. நான்காவது முறை டீக்கடையிலிருந்தும் பஸ் நிறுத்தத்திலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். வால்டர் அங்கே இருந்திருந்தால் தன் வாழ்க்கையிலேயே சிறந்த நாள் என்று சொல்லியிருப்பார்.

பெண்கள் பக்கத்தில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். தன் மெட்டு அவளுக்குத் தெரிந்தது. பெயரும் தெரிந்தது. பாட்டு முடிவதற்கு முன்பே எழுந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

5

விசாரணை நடத்திய அதிகாரி நல்ல மனிதர். ஏழுமலைக்கு உட்கார நாற்காலி கொடுத்தார். அவன் உட்காரவில்லை.

"கம்பி பாத்தியா?"

"இல்லீங்க ஐயா."

"மனுவுல பாத்தேன்னு இருக்கே."

"அது சங்கத்துல எழுதினதுங்க. பாம்புதாங்க."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேங்க."

"என்ன பாம்பு?"

ஏழுமலை "கட்டுவிரியனுங்க" என்றான். சொல்லிக் கொடுத்ததை மறக்காமல் சொல்லிவிட்ட முகம். அஞ்சலை அவனைத் திட்டவில்லை. கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது இவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிகாரி அதே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார். அவர் எழுதுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கரண்ட் என்றால் இப்போது அது யாரோ ஒருவரின் கம்பி அல்ல. விழுப்புரமே கைதட்டிப் பாடிய பெயருக்குரியவரின் கம்பி. நிலக்காரர் அதை விடமாட்டார், ஏழுமலைக்கு உழுவதற்கு வேறு நிலம் இல்லை.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் அஞ்சலை தனியாக நின்றுகொண்டிருந்தாள். நான் அருகே போனேன். அவளே ஆரம்பித்தாள்.

"நான் அந்தப் பேரச் சொல்லவே இல்லியே சார்."

"நீங்க சொல்லல. நான்தான் சொன்னேன்."

"ஏன் சார் சொன்னீங்க?"

"அவர் கேட்டார்."

"கேட்டா சொல்லிடறதா?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். ஒரு மாதத்துக்குள் அவள் குடியிருந்த கூரையைப் பிரித்துப் போட்டார்கள். மனை நிலக்காரருடையது. மகளைக் கூட்டிக்கொண்டு முகையூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனாள். விசாரணை பற்றி நான் நாளிதழுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். போடவில்லை. பாம்பு என்றே முடிந்த விஷயத்தில் செய்தி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பத்திரிகை விதிப்படி அதுவும் சரிதான்.

6

என் மனைவி லூர்து புதுச்சேரிக்காரி. மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அந்தக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வரலாம் என்று அவள் கண்டுபிடித்தபோது, எனக்கு இந்த நாட்டில் தெரிந்த ஒரே முகவரி வால்டருடையது. எழுதினேன். வீடு பார்த்து வைத்திருந்தார். ரயிலடிக்கு அவரும் மனைவி ஜேனும் வந்து பெட்டிகளைத் தூக்கினார்கள்.

விமான நிலையத்தில் என்னை விசாரித்த அதிகாரிக்கு ஒரு சந்தேகம். "உங்கள் மனைவி பிரெஞ்சுக்காரி. ஆனால் அவருக்கு பிரெஞ்சு வரவில்லையே?" லூர்து தமிழில் சொன்னாள், "பிறந்தது பாண்டி பெரியாஸ்பத்திரின்னு சொல்லு, ஜல்தியா முத்திரைய குத்தச் சொல்லு." பிறகு என் முறை. பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி, பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் வசதிக்குப் போட்டது. என் அம்மா சொல்லும் தேதி வேறு. "இரண்டில் எது உண்மை?" என்று கேட்டார். "காகிதத்தில் இருப்பது" என்றேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். என் கடவுச்சீட்டு அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் ஒரு அலுவலக அலமாரியில் கிடந்தது.

எனக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை கிடைத்தது. யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்று கேட்டுப் பழகியவனுக்கு 'எங்கே' மட்டும் போதுமான வேலை.

நாங்கள் வந்தது சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த ஆண்டு. இந்த நகரம் ஒரு வருடம் வேலையில்லாமல் கிடந்தது. வால்டர் தினமும் ஒரு கஞ்சிக்கூடத்தில் பாடினார். சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிமார் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எந்தப் பாட்டைக் கேட்பார்கள் என்றால், அஞ்சலையின் பாட்டைத்தான். அவர் அதை ஆரம்பிக்கும்முன் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "இந்தப் பெயரை எனக்குக் கொடுத்த நண்பர் இங்கேயே இருக்கிறார்." நான் எழுந்து நிற்கவேண்டும். கைதட்டுவார்கள்.

சொல்லியிருக்கலாம். முதல் வாரமே சொல்லியிருக்கலாம். முதல் வாரம் நாங்கள் அவர் வாங்கிக் கொடுத்த கட்டிலில் படுத்திருந்தோம். பிறகு வேலைநிறுத்தம். அது தோற்ற பிறகு, தோற்றவரிடம் இன்னொரு தோல்வியைச் சொல்வானேன் என்றிருந்தது. பிறகு தொண்டை.

அறுவைச் சிகிச்சையில் அவருடைய குரல் முழுவதும் போய்விட்டது. மருத்துவமனையில் ஒரு சிறு தாளடுக்கு கொடுத்திருந்தார்கள், அதில் எழுதிப் பேசுவார். நான் போயிருந்த ஒரு மாலை, இதை எழுதி என் பக்கம் திருப்பினார்: "அஞ்சலைக்கு அவள் கேட்ட காகிதம் கிடைத்ததா?"

அத்தனை வருடங்களில் அவர் அதைக் கேட்டது அதுவே முதல் முறை.

"கிடைத்தது" என்றேன்.

அவர் எழுதினார்: "அப்படியென்றால் பாட்டு வேலை செய்திருக்கிறது." அந்தத் தாளைக் கிழித்து என்னிடமே கொடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பத்து நாளில் இறந்தார்.

7

நினைவுக்கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஜேன் வால்டரின் பாட்டுகளைப் புத்தகமாகப் போடப்போவதாகவும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குறிப்பு வேண்டும் என்றும் சொல்லிக் கூப்பிட்டாள். அச்சுப்படியைக் காட்டினாள். அந்தப் பாட்டின்கீழ் இப்படி இருந்தது: 'சொற்கள்: வால்டர் ஹாரப். மெட்டு: மரபு.'

"மரபு இல்லை ஜேன். மெட்டு அஞ்சலையுடையது. அவள் உயிரோடு இருக்கிறாள்" என்றேன். பிறகு மீதியையும் சொன்னேன். ஏற்பாடு, ஒலிபெருக்கி, கட்டுவிரியன், பிரித்துப்போட்ட கூரை, மருத்துவமனையில் நான் சொன்ன பொய் எல்லாவற்றையும்.

ஜேன் எழுந்தாள். தேநீர்க் கோப்பைகளைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள்.

"தெரிந்திருந்தால் அவர் அந்தப் பாட்டை நிறுத்தியிருப்பார்" என்றாள். "அந்த வாய்ப்பை நீங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை."

"இல்லை."

"இனி யார் நிறுத்துவது? அது பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது."

உண்மைதான். என் வீட்டுக் குளியலறையிலேயே அது ஒலிக்கிறது. மலருக்கு அந்த நிலக்காரரின் பெயர் மனப்பாடம். அஞ்சலை என்ற பெயரை அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் முதல்முறை கேட்டாள். "அந்த லேடி பேர் ஏன் பாட்டுல வரல?" என்றாள். வால்டருக்கு அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் இருவரும் அந்த ஆளின் பெயரைத்தான் தேடினோம்.

அன்றிரவே கோதண்டத்துக்கு எழுதினேன். இதையெல்லாம் ஊர்ப் பத்திரிகையில் எழுத நினைக்கிறேன், முகையூர் போய் அஞ்சலையிடம் கேட்டு வாருங்கள், அவள் வேண்டாம் என்றால் எழுதமாட்டேன் என்று. இப்படி ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுவது என் வாழ்க்கையில் முதல் முறை. ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. கோதண்டம் அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார், பாதியை முழுங்காமல்:

"எழுதச் சொல்லுங்க. எம்பேரு போடட்டும், எங்க ஊட்டுக்காரரு பேரு போடட்டும். பொண்ணுக்கு ரெண்டு எடம் வந்துச்சி, ரெண்டு பேரும் பாம்பு சமாச்சாரம் கேட்டுக்கினு போனவங்க திரும்பி வரல. இப்ப மூணாவதா ஒரு எடம் வந்துகிது. பேப்பர்ல வந்தா கத்தரிச்சி வெச்சிக்கினு அவங்ககிட்ட காட்டுவேன். ஆனா அந்தப் பேரு மட்டும் வேணாம். ஏழுமல இன்னும் அந்த நெலத்துலதான் ஏரு ஓட்டறான். ஊரு பேரும் வேணாம்."

ஜேனின் புத்தகத்தில் மெட்டு அஞ்சலையுடையது என்று வரும். கோரஸ் வால்டர் பாடியபடியே வரும், அதை மாற்ற எங்களில் யாருக்கும் உரிமை இல்லை என்கிறாள். நான் வாதாடவில்லை.

ஆசிரியருக்கு: இடம் போதாவிட்டால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். வால்டரின் வாழ்க்கையை வெட்டலாம், என்னுடையதைத் தாராளமாக வெட்டலாம். கீழே இருப்பதை மட்டும் குறைக்காமல், கத்தரித்து எடுக்க வசதியாகக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

திருத்தம்

பனமலைப் பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் கன்னியப்பன் என்ற தொழிலாளி பாம்பு கடித்து இறந்ததாக நான் எழுதிய செய்தி தவறானது. அவரைப் பாம்பு கடிக்கவில்லை. வேலியோரம் கிடந்த மின்கம்பியில் பட்டு இறந்தார். அவருடைய மனைவி அஞ்சலை இதை முதல் நாளிலிருந்தே சொல்லிவருகிறார். விசாரிக்காமல் எழுதியது என் பிழை.